வாப்பாவோட மாத்திரை டப்பாவை நான் புடுங்கி வச்சுக்கிட்ட கதை

ரொம்ப நாளா எழுதணும் எழுதணும்னு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. வாப்பாவுக்கு 76 வயசு, சுகர் வந்து 22 வருஷம், ப்ரஷர் அதுக்கும் முன்னாடியே, முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு. உம்மாவுக்கு 71, ஹார்ட்ல ஒரு ஸ்டென்ட் இருக்கு. ரெண்டு பேரையும் கூட இருந்து பார்த்துக்கிறது நான் தான். பார்த்துக்கிறேன்னு சொல்றதை விட மேய்க்கிறேன்னு சொல்லலாம், அப்படித்தான் நடந்துக்கிட்டேன், அதைப் பத்தி தான் இந்த போஸ்டே.

எங்க வீட்டுல எனக்கு ரத்தக் கொதிப்பு ஏத்துற வார்த்தை ஒண்ணு இருக்கு. "விடு மா, அல்லாஹ் பார்த்துக்குவான்." சுகர் 280ன்னு மீட்டர் காட்டும், அல்லாஹ் பார்த்துக்குவான். கண் டாக்டர் ஆறு மாசத்துல வரச் சொல்லி ஒரு வருஷம் ஆயிருக்கும், அல்லாஹ் பார்த்துக்குவான். ஒரு நாள் தாங்காம "அப்போ நீங்க எதைத்தான் பார்ப்பீங்க வாப்பா"ன்னு கேட்டுட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லல, தஸ்பீஹ் மணியை உருட்டிக்கிட்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. பெத்தவங்களை "ச்சீ"ன்னு கூட சொல்லாதேன்னு குர்ஆன்ல 17ஆவது சூராவுல (அத்தியாயத்துல) இருக்கே, அது அன்னைக்கு ராத்திரி பூரா மண்டைக்குள்ள ஓடிச்சு.

அப்போ நான் என்ன முடிவுல இருந்தேன்னா, வயசான நம்ம ஆளுங்க உடம்பு பொறுப்பை மேல தூக்கிப் போட்டுட்டு கை கழுவிடுறாங்க, அவ்வளவுதான். படிச்சவங்க நிறைய பேரு இப்படித்தான் நினைக்கிறாங்க, டாக்டர்ஸும் தான். ஒரு டாக்டர் என் முன்னாடியே "இவங்களுக்கு சொல்லிப் பிரயோஜனம் இல்லம்மா, எல்லாம் விதிம்பாங்க"ன்னு சொன்னாரு, வாப்பா எதிர்ல உக்காந்திருக்கும்போதே, என்னமோ அவங்களுக்கு காது கேக்காத மாதிரி. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு, ஆனா உள்ளுக்குள்ள நானும் அதையே தானே நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

தூக்கம் வராத ராத்திரிகள்ல போன்ல இதைப் பத்தி தேடித் தேடி படிச்சேன். ஒருத்தர் தன் வாழ்க்கை தன் கையில இருக்குன்னு நம்புறாரா, இல்ல வெளியில யார் கையிலயோ இருக்குன்னு நம்புறாராங்கிறதை அளக்க 1966ல ஜூலியன் ராட்டர்ங்கிற சைக்காலஜிஸ்ட் ஒரு கேள்வித்தாள் போட்டாரு. 1978ல வால்ஸ்டன் தம்பதியும் அவங்க கூட இருந்தவங்களும் அதே மாதிரி உடம்பு ஆரோக்கியத்துக்குன்னு தனியா ஒண்ணு செஞ்சாங்க, 18 கேள்வி, மூணு கட்டம். என் உடம்பு என் கையில, டாக்டர் மாதிரி பெரிய ஆளுங்க கையில, இல்லன்னா எல்லாம் அதிர்ஷ்டம். பாருங்க, இதுல எங்க வாப்பாவை எங்க கொண்டு போய் வைப்பீங்க? அல்லாஹ்வை அதிர்ஷ்டம்னு எழுத முடியுமா, டாக்டரோட சேர்த்து ஒரே பெஞ்சுல உக்கார வைக்க முடியுமா? இருபது வருஷம் கழிச்சு, 1999ல தான் இறைவனுக்குன்னு தனியா ஆறு கேள்வி வச்சு ஒரு அளவுகோல் வந்துச்சு. அதுலயும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இறைவன் கையிலயா இருக்கு உன் உடம்புன்னு கேட்டா வாப்பா ஆமாம்பாங்க, முழு மார்க். உன் கையில இருக்கான்னு கேட்டா அதுக்கும் ஆமாம்பாங்க! அவங்களைப் பொறுத்தவரை அது ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிற பதில் இல்ல. தராசுல ஒரு தட்டு ஏறினா இன்னொண்ணு எறங்கணும்னு நெனச்சது நான் தான்.

கென் பார்கமெண்ட்னு இன்னொருத்தர், மதமும் மனசும் பத்தி ஆராய்ச்சி பண்றவர். அவரும் கூட இருந்தவங்களும் 1988ல சொன்னது எனக்கு சட்டுன்னு புடிபட்டுச்சு. கஷ்டம் வரும்போது நம்பிக்கை உள்ளவங்க மூணு விதமா நடந்துக்குறாங்களாம். ஒண்ணு, அறிவு குடுத்தாச்சு இனி என் பாடுன்னு தானே பார்த்துக்கிறது. ரெண்டு, எல்லாத்தையும் இறைவன் தலையில போட்டுட்டு சும்மா இருக்கிறது. மூணாவது, அவனும் நானும் சேர்ந்து பார்ப்போம்ங்கிறது. இதைப் படிச்சதும் எனக்கு சிரிப்பு வந்துடுச்சு, ஏன்னா ஒட்டகத்தைக் கட்டிட்டு அப்புறம் தவக்குல் வை, அதாவது அல்லாஹ்கிட்ட பொறுப்பை விடுன்னு ரசூலுல்லாஹ் (நபிகள் நாயகம்) சொன்னதா திர்மிதி தொகுப்புல வர்ற ஹதீஸை (நபிமொழியை) மதரஸால ஏழு வயசுல மனப்பாடம் பண்ணினவ நானு. நம்ம வீட்டுப் பரண்ல கெடந்ததை அமெரிக்காக்காரர் எடுத்துக் காட்ட வேண்டியிருந்துச்சு.

சரி, வாப்பா மூணுல எந்த ஆளு? கவனிச்சுப் பார்க்க ஆரம்பிச்சேன். கவனிச்சேன்னா, அதுக்கு முன்னாடி 22 வருஷமா அவங்களை நான் பார்க்கவே இல்லன்னு தான் அர்த்தம்.

நான் அவங்களுக்கு ஒரு மாத்திரை டப்பா வாங்கி வச்சிருந்தேன், ஞாயிறு திங்கள்னு கட்டம் போட்டு, காலை ராத்திரின்னு எழுதி. அது எப்பவும் குழப்பம் தான், செவ்வாய்க்கிழமை கட்டம் வியாழக்கிழமையும் நெறஞ்சே கெடக்கும். நான் கத்துவேன். அப்புறம் தான் தெரிஞ்சுது, இந்த டப்பாவை நான் வாங்குறதுக்கு முன்னாடி வரைக்கும் அவங்ககிட்ட ஒரு கணக்கு இருந்திருக்கு. விடிகாலை சுபுஹு தொழுதுட்டு ஒண்ணு, ராத்திரி இஷா தொழுகைக்கு ஒளு செய்ய (தொழுறதுக்கு முன்னாடி கை, முகம், கால் கழுவ) போகும்போது ரெண்டு. தொழுகை தப்பாது, அதனால மாத்திரையும் தப்பாது. நான் தான் அந்தக் கணக்கைக் கலைச்சுட்டு, எட்டு மணி, ஒன்பது மணின்னு என் போன்ல அலாரம் வச்சு, மாத்திரையை கையில திணிச்சு, முழுங்குற வரைக்கும் நின்னு பார்த்து, நர்ஸ் வேலை பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன். ரொம்பப் பெருமையா வேற.

இன்னொண்ணு, கால். சுகர் பழசாக ஆக கால்ல உணர்ச்சி கொறையும், முள்ளு குத்தினா கூடத் தெரியாது, அதனால தெனமும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கணும்பாங்க. எத்தனை பேரு பார்க்கிறோம்? வாப்பா ஒரு நாளைக்கு அஞ்சு தடவை கால் கழுவுறாங்க, விரல் இடுக்கு விடாம கோதிக் கழுவுறாங்க. போன வருஷம் சுண்டு விரல் அடியில சின்னதா ஒரு கொப்புளம், அஸருக்கு ஒளு செய்யும்போது அவங்களா பார்த்து அவங்களா சொன்னாங்க, அன்னைக்கே காட்டினோம், நாலு நாள்ல ஆறிடுச்சு. டாக்டர் ஒரே ஒரு விஷயம் சேர்த்துச் சொன்னாரு, கழுவினதும் இடுக்குல ஈரம் நிக்காம துடைச்சுடுங்க, இல்லன்னா பூஞ்சை புடிக்கும்னு. (இவரு வேற டாக்டர். நல்ல மனுஷன். முதல்ல சலாம் சொல்லிட்டுத் தான் ரிப்போர்ட்டையே பிரிப்பாரு.)

ஆனா எல்லாரும் வாப்பா மாதிரின்னு சொல்ல வரல. பள்ளிவாசல்ல வாப்பா பக்கத்து சஃப்ல (தொழுகை வரிசையில) நிக்கிற ஒருத்தர், ஓதி ஊதின தண்ணி குடிச்சா போதும்னு யாரோ சொன்னதைக் கேட்டு ப்ரஷர் மாத்திரையை நிறுத்திட்டாரு, மூணே மாசத்துல ஸ்ட்ரோக், இப்ப வலது கை வராது. ஓதிப் பார்க்கிறதை நான் தப்பே சொல்லல, நானும் ஓதி ஊதுறவ தான். மாத்திரையை ஏன் நிறுத்தணும்? எந்த நோயையும் அதுக்கு ஷிஃபா, அதாவது குணம், எறக்காம அல்லாஹ் எறக்கலன்னு புகாரி தொகுப்புலயே ஹதீஸ் இருக்கு. மருந்து செஞ்சுக்கலாமான்னு கிராமத்து அரபிகள் வந்து கேட்டப்போ, செஞ்சுக்குங்க, ஒரே ஒரு நோயைத் தவிர எல்லாத்துக்கும் மருந்து இருக்குன்னாங்களாம் ரசூலுல்லாஹ். அந்த ஒண்ணு எதுன்னு கேட்டதுக்கு வந்த பதில், முதுமை. வாப்பா இதைச் சொல்லிட்டு முட்டியைத் தட்டிக் காட்டி சிரிப்பாங்க, "இதுக்கு மட்டும் தான்மா மருந்து கெடையாது, மத்ததுக்கு நீ குடு"ன்னு. நான் தான் அந்த ஜோக்ல பாதியை மட்டும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

உம்மா கதை வேற, அது எனக்கு இன்னும் ஆறல. அவங்க நெஞ்சு வலியை ரெண்டு நாள் மறைச்சுட்டாங்க. ரெண்டு முழு நாள். சமையல் பண்ணியிருக்காங்க, துணி மடிச்சிருக்காங்க, ஒரு வார்த்தை சொல்லல. ஆஸ்பத்திரியில ஏன் உம்மா சொல்லலன்னு அழுதப்போ, "முள்ளு குத்தினாக் கூட பாவம் கழியும்மா, சபூர் செஞ்சேன், பொறுத்துக்கிட்டேன்"ன்னாங்க. அந்த ஹதீஸ் உண்மை தான், நோவு, கவலை, முள்ளு குத்துறது வரைக்கும் பாவத்துக்குப் பரிகாரமா ஆகும்னு வருது. பல வயசானவங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்னு எனக்குத் தெரியும், தெனமும் வலிக்கிற உடம்போட இருக்கிறவங்களுக்கு அந்த வலி வீணாப் போகலன்னு ஒரு அர்த்தம் கெடைக்குதுல்ல. ஆனா அதையே வாயைக் கட்டிக்கிறதுக்கு சாக்கா எடுத்துக்கிட்டா என்ன பண்றது? அதுக்கு மேல இன்னொரு விஷயத்தை நாள் கழிச்சு தான் சொன்னாங்க, ஈசிஜி எடுக்க ஆம்பளை டெக்னீஷியனா இருந்தா என்ன செய்யறதுன்னு பயந்தாங்களாம். பயமும் கூச்சமும் சபூர்னு பேரு வச்சுக்கிட்டு ரெண்டு நாள் வீட்டுல உக்காந்திருக்கு. பொம்பளை டெக்னீஷியன் வேணும்னு கேட்டா பெரும்பாலும் ஏற்பாடு பண்ணுவாங்க, உசுருக்கு ஆபத்துன்னா யாரு பார்த்தாலும் குத்தமில்லன்னு மார்க்கமே சொல்லுது, இதை யாராவது அவங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம். யாராவதுன்னா நான் தான்.

உம்மாகிட்ட நான் வாதம் பண்ணல, ஐயூப் நபியைப் பத்தி மட்டும் கேட்டேன். பொறுமைன்னா ஐயூப் நபி தானே, அவங்க என்ன துஆ செஞ்சாங்கன்னு. உம்மாவுக்கு மனப்பாடம், 21ஆவது சூரா 83ஆவது ஆயத்து, எனக்குத் துன்பம் வந்துடுச்சு, நீயோ கருணையாளர்களுக்கெல்லாம் பெரிய கருணையாளன்னு வரும். "அப்போ ஐயூப் நபி வாயைத் தொறந்து சொன்னாங்கல்ல உம்மா"ன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அல்லாஹ்கிட்ட தானே சொன்னாங்க, மகள்கிட்டயா சொன்னாங்க"ன்னு மடக்கிட்டாங்க. ஜெயிக்க முடியாது. ஆனா அதுக்கப்புறம் படி ஏறும்போது மூச்சு வாங்குனா சொல்றாங்க. முறைச்சுக்கிட்டே சொல்றாங்க, பரவால்ல.

இப்ப நோன்பு விஷயத்துக்கு வர்றேன், சண்டை உச்சத்துக்குப் போனது அதுல தான். வாப்பா போன வருஷமும் நோன்பு வைப்பேன்னு நின்னாங்க. நான் கூடாதுன்னு நின்னேன். நோயாளிக்கு சலுகை உண்டுன்னு குர்ஆனே 2ஆவது சூராவுல 184, 185ன்னு ரெண்டு எடத்துல சொல்லுது, முடியாதவங்க ஃபித்யா குடுத்தா போதும், ஒரு நோன்புக்கு ஒரு ஏழைக்கு சாப்பாடு, உங்க கைகளாலேயே உங்களை அழிவுல தள்ளிக்காதீங்கன்னு 195ல இருக்கு. எல்லாத்தையும் ஒப்பிச்சேன். வாப்பாவுக்கு இதெல்லாம் தெரியாதா என்ன, எனக்கு ஓதிக் குடுத்ததே அவங்க தான். இது எங்க வீட்டுக் கூத்து மட்டும் இல்ல. 2001ல முஸ்லிம்கள் நெறைய வாழுற 13 நாடுகள்ல 12,000க்கு மேல சுகர்காரங்களை வச்சு எபிடியார்னு ஒரு ஆய்வு நடந்துச்சு, டைப் 2 சுகர் உள்ளவங்கள்ல 100க்கு 79 பேரு ரமலான்ல கொறஞ்சது 15 நாளாவது நோன்பு வச்சிருந்தாங்க. அதே ஆய்வுல தான் மத்த மாசங்களை விட ரமலான்ல ஆபத்தான லோ சுகர் டைப் 2காரங்களுக்கு 7.5 மடங்கு கூடுதுன்னும் வந்துச்சு. எனக்கு அந்த ரெண்டாவது நம்பர் மட்டும் தான் கண்ணுல பட்டுச்சு. முதல் நம்பரைப் பார்த்து, சலுகை இருந்தும் ஏன் இத்தனை பேரு விட மாட்டேங்குறாங்கன்னு யோசிக்கல.

வாப்பாவே சொன்னாங்க ஒரு நாள். கோவமா கூட இல்ல. "வண்டியை வித்துட்ட. ஏடிஎம் கார்டு உன்கிட்ட இருக்கு. டாக்டர் உன் மூஞ்சியைப் பார்த்து தான் பேசுறாரு. மாத்திரை நீ குடுக்கிற. நாற்காலியில உக்காந்து தொழுன்னே, அதுக்கும் சரின்னேன். நோன்பு ஒண்ணு தான்மா நான் நிய்யத் வச்சு, நானா மனசுல நெனச்சு, நான் செய்யறது."

எனக்கு பேச்சு வரல. அவங்க பொறுப்பைத் தூக்கி அல்லாஹ் மேல போட்டுட்டு கையைக் கட்டிக்கிட்டாங்கன்னு நான் வருஷக் கணக்கா கம்ப்ளைண்ட் பண்ணிக்கிட்டு இருந்தேன், அந்தக் கையில இருந்ததையெல்லாம் ஒவ்வொண்ணா வாங்கி வச்சுக்கிட்டது நானு, மிச்சம் இருந்தது இபாதத் (வழிபாடு) மட்டும், அதுக்கும் போய் ஃபத்வா சொல்லிக்கிட்டு நிக்கிறேன். அமெரிக்காவுல 1976ல எலன் லாங்கர், ஜூடித் ரோடின்னு ரெண்டு பேரு முதியோர் இல்லத்துல பண்ண ஒரு ஆய்வு ஞாபகம் வந்துச்சு. ஒரு மாடியில இருந்தவங்க கிட்ட ஒரு செடி குடுத்து, நர்ஸ் தண்ணி ஊத்துவாங்கன்னாங்க. இன்னொரு மாடியில, செடி வேணுமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க, எதுன்னு நீங்களே தேர்ந்தெடுங்க, தண்ணியும் நீங்களே ஊத்துங்கன்னாங்க. ரெண்டாவது மாடிக்காரங்க தான் தெம்பா, கலகலப்பா ஆனாங்க. ஆய்வு சின்னது, அதை வச்சு பெருசா கோட்டை கட்டிட முடியாதுன்னு அப்புறம் வந்தவங்க சொல்லத்தான் செய்யறாங்க. ஆனா எங்க வீட்டுல தண்ணி ஊத்துற நர்ஸ் யாருன்னு எனக்கு சந்தேகமே இல்ல.

அதுக்கப்புறம் நடந்ததை சுருக்கமா சொல்றேன். ரமலானுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அந்த சலாம் டாக்டர்கிட்ட போனோம், இந்தத் தடவை நான் ஓரத்து நாற்காலியில உக்காந்தேன், வாயைத் தொறக்கல (நாலு தடவை கடிச்சுக்கிட்டேன்). நோன்பு வைக்கிற சுகர்காரங்களுக்குன்னே சர்வதேச நீரிழிவு அமைப்பும், நீரிழிவு-ரமலான் பத்தின டாருங்கிற அமைப்பும் சேர்ந்து 2021ல புதுப்பிச்ச வழிகாட்டி இருக்கு, எத்தனை வருஷமா சுகர், கிட்னி எப்படி, லோ ஆகியிருக்கா, வயசு என்னன்னு ஒவ்வொண்ணுக்கும் மார்க் போட்டு கூட்டுவாங்க. வாப்பாவுக்கு 6க்கு மேல வந்துச்சு, அதாவது ஆபத்து அதிகம், வைக்காம இருக்கிறது தான் நல்லது. டாக்டர் அதை வாப்பா முகத்தைப் பார்த்து சொன்னாரு. "வைக்கக் கூடாதுன்னு சொல்றது என் கடமை. மீறி வைக்கிறீங்கன்னா எப்படி வைக்கணும்னு சொல்றதும் என் கடமை." சுகரை லோ ஆக்கக் கூடிய ஒரு மாத்திரையை மாத்தினாரு, ஒரு டோஸை நோன்பு திறக்கிற நேரத்துக்குத் தள்ளினாரு, பகல்ல நாலஞ்சு தடவை விரல்ல குத்திப் பார்க்கணும், 70க்குக் கீழ போனாலோ 300க்கு மேல போனாலோ மஃரிபுக்கு, அதாவது நோன்பு திறக்க, அஞ்சு நிமிஷம் தான் இருக்குன்னாலும் நோன்பை முறிச்சுடணும். விரல்ல குத்தி ரத்தம் பார்த்தா நோன்பு முறியாதுன்னு எங்க ஹஜ்ரத்தும் (மார்க்க அறிஞர்) சொல்லிட்டாரு, வாப்பாவுக்கு அது டாக்டர் சொன்னதை விட பெருசு. முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு பேச்சு. அதுவும் வாப்பாவே போட்ட திட்டம்.

மீட்டர் அவங்க கையில. பழைய டைரி ஒண்ணு எடுத்து அவங்களே கோடு போட்டு நம்பர் எழுதுனாங்க. டப்பாவையும் திருப்பிக் குடுத்துட்டேன், அவங்க அதுல ஞாயிறு திங்கள் மேல காகிதம் ஒட்டி சுபுஹு, இஷான்னு எழுதிக்கிட்டாங்க.

இன்சுலின் பேச்சு வந்தப்போ மட்டும் நான் பயந்தேன், நிச்சயம் மாட்டேன்னுடுவாங்கன்னு. அவங்க கலீஃபா உமர் ரலியல்லாஹு அன்ஹு கதையை எடுத்தாங்க. ஷாம் பக்கம் (இன்னைய சிரியா, பாலஸ்தீன வட்டாரம்) கொள்ளை நோய், ஹிஜ்ரி 18ஐ ஒட்டின அம்வாஸ் பிளேக், அங்க கிளம்பிப் போன உமர் பாதி வழியில திரும்பிடலாம்னு முடிவு பண்றாங்க. அல்லாஹ்வோட கத்ர்லேர்ந்து (அவன் எழுதின விதியிலேர்ந்து) ஓடுறீங்களான்னு தளபதி அபூ உபைதா கேக்குறாங்க. ஆமா, அல்லாஹ்வோட ஒரு கத்ர்லேர்ந்து அவனோட இன்னொரு கத்ருக்கு ஓடுறோம்னு பதில். "ஊசியும் கத்ர் தானேமா"ன்னுட்டு வாப்பா சட்டையைத் தூக்கி வயித்தைக் காட்டினாங்க. நான் 22 வருஷமா கேட்ட அந்த "அல்லாஹ் பார்த்துக்குவான்"ல இதுவும் உள்ள இருந்திருக்குமோ என்னமோ. சில நாள் அது வெறும் பயம் தான், கண் டாக்டர் விஷயத்துல இன்னைக்கும் பயம் தான், அது எனக்குத் தெரியும். ஆனா எல்லா நாளும் இல்ல.

ரமலான் 12. நான் வெளிய வேலையா போயிட்டு நாலு மணி வாக்குல வீட்டுக்கு வந்தா, வாப்பா ஹால்ல உக்காந்திருக்காங்க, பக்கத்துல ஈர டம்ளர், குத்தின ஊசி, பஞ்சு. டைரி திறந்து கெடந்துச்சு. 64ன்னு எழுதியிருந்துச்சு, கை கொஞ்சம் நடுங்கின எழுத்து. கீழ பதினஞ்சு நிமிஷம் கழிச்சு 91. அதுக்குப் பக்கத்துல "களா 1"ன்னு (களான்னா விட்ட நோன்பை அப்புறம் வச்சு ஈடு செய்யறது) எழுதி, அடிச்சு, "ஃபித்யா 1"ன்னு எழுதி, அதுக்கு ஒரு கேள்விக்குறி.

நான் பையைக் கூட கீழ வைக்கல, ஏன் எனக்கு போன் பண்ணலன்னு ஆரம்பிச்சேன்.

"எதுக்கு? மீட்டர் என்கிட்ட தானே இருக்கு"ன்னாங்க. "ஹஜ்ரத்துக்கு போன் போட்டுக் குடு. களாவா ஃபித்யாவான்னு கேக்கணும்."